எட்டாவது பிறந்தநாளுக்குக் கொடுத்த கல்

"அத்தை, பன்னி பல் டொக்டர்கிட்ட போகுமா?"

ஒரு சனிக்கிழமை, பகல் பதினொரு மணி இருக்கும். மாத்தளையில் என் வீட்டு அடுப்படியில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். கைபேசியைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கியிருந்தேன். பேசியது ஷெரின், வஹகோட்டையில் இருக்கும் என் தம்பி அன்ரனின் மகள். எட்டு வயது முடிந்து ஒன்பது நாள்தான் ஆகியிருந்தது.

"போகாது. ஏன் கேக்குற?"

"நீங்க குடுத்த பன்னி போயிருக்கு."

கேலி செய்கிறாள் என்று நினைத்தேன். "எப்படித் தெரியும்?" என்றேன்.

"ரெண்டாவது பல்லுல ஓட்டைய அடச்சிருக்காங்க. மம்மிக்கு அடச்ச மாதிரியே. ஈயக் கலர்ல மினுங்குது."

கீரைத் தண்டு ஒன்று என் விரலுக்குள் முறிந்தது. அந்தச் சத்தம் இன்னும் நினைவிருக்கிறது.

"மம்மிகிட்ட காட்டினியா?"

"காட்டினேன். மம்மி பாத்துட்டு வெளிய போய் நிக்கிறாங்க. உள்ள வரமாட்டேங்கிறாங்க."

இந்தத் தொடரைத் தொடங்கிய நாளிலிருந்தே இதை எழுத வேண்டும் என்று இருந்தது. ஷெரினின் அம்மா நிலந்தி சம்மதிக்கவில்லை. போன மாதம் அவளே அழைத்து, "ஊரு ஆளுங்க அவங்கவங்க இஷ்டத்துக்குக் கதை சொல்றாங்க அக்கா. நீங்க நடந்தத எழுதுங்க" என்றாள். பெயர்களை மாற்றியிருக்கிறேன். மற்றதையெல்லாம் நடந்தபடியே எழுதுகிறேன்.

பரிசு கொடுக்கும் பழக்கம்

நான் முப்பது வருடத்துக்குக் கிட்ட விஞ்ஞானம் படிப்பித்தவள். பிறந்தநாளுக்குப் பிள்ளைகளுக்கு உயிர்ச்சுவடு கொடுக்கும் பழக்கம் தற்செயலாக வந்தது.

பல்லேகமவில் இருந்து வந்து எங்கள் பாடசாலையில் படிப்பித்த ஒரு டீச்சர் இருந்தார். அவருடைய மகளின் பிறந்தநாளுக்கு என்னைக் கூப்பிட்டிருந்தார். அன்று போயா தினம், பௌர்ணமி விடுமுறை, கடையெல்லாம் பூட்டு. வெறுங்கையோடு போக மனமில்லாமல் அலுமாரியைத் துழாவினேன். வடமேற்குக் கரைப் பக்கம் சுண்ணாம்புக்கல் வெட்டுகிற இடத்துக்குப் பிள்ளைகளைச் சுற்றுலா கூட்டிப்போனபோது எடுத்த ஒரு சிப்பி கிடந்தது. சிப்பி என்றாலும் கல். முழுவதும் கல்லாகிப் போனது.

அதை ஒரு பெட்டியில் பஞ்சு வைத்துக் கொடுத்தேன். ஒரு அட்டையில், "இது உன்னைவிடப் பல லட்சம் வயது மூத்தது. பத்திரமாகப் பார்த்துக்கொள்" என்று எழுதினேன்.

மற்ற வீட்டுக்காரர்கள் கொடுத்த பேசும் பொம்மையும் பற்றரிக் காரும் அடுத்த மாதமே உடைந்தன. சிப்பி உடையவில்லை. அந்தப் பிள்ளை அதைப் பாடசாலைக்குக் கொண்டுபோனாள், கோயிலுக்குக் கொண்டுபோனாள். காய்ச்சல் வந்தபோது நெற்றியில் வைத்துக்கொண்டாளாம், குளிர்ச்சியாக இருக்கிறது என்று.

அதன் பிறகு தெரிந்த பிள்ளைகளுக்கெல்லாம் அதுவே என் பரிசாயிற்று. இலை பதிந்த கல், நத்தை, கடல் பஞ்சு மாதிரி ஒன்று. பெற்றோர் சிலர் முகம் சுளித்தார்கள். செத்ததையா பிள்ளைக்குக் கொடுப்பது என்று ஒரு அம்மா நேராகவே கேட்டார். "இது செத்து எவ்வளவோ காலம், இனி இதில் சாவே இல்லை" என்று அவருக்குப் பதில் சொன்னேன். அந்தப் பதிலில் எனக்கு அப்போது பெருமை இருந்தது.

வடிவேல் கொண்டுவந்தது

கையில் இருந்தது தீர்ந்த பிறகு எனக்குக் கற்கள் கொண்டுவந்து தந்தவன் வடிவேல். என்னிடம் படித்தவன். இப்போது முப்பத்தைந்து வயது, இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன். பெக்கோ இயந்திரம் ஓட்டுகிறான். மண் வெட்டும் வேலை எங்கே கிடைக்கிறதோ அங்கே போவான். வாளியில் வித்தியாசமாக எது வந்தாலும் டீச்சருக்கு என்று எடுத்து வைப்பான். முக்கால்வாசி வெறும் கல்தான். எப்போதாவது நல்லது வரும்.

ஷெரினின் பிறந்தநாளுக்கு இரண்டு வாரம் முன்பு வில்கமுவப் பக்கம் ரோடு அகலமாக்கும் வேலையிலிருந்து வந்தான். செய்தித்தாளில் சுற்றிய ஒரு கட்டி. உள்ளங்கைக்குள் அடங்கும். வெள்ளையும் மஞ்சளுமாகச் சுண்ணாம்பு படிந்து இறுகியிருந்தது. ஒரு ஓரத்தில் மட்டும் ஒரு கடைவாய்ப் பல்லின் தலை தெரிந்தது.

"என்ன டீச்சர் இது?"

"காட்டுப் பன்னி" என்றேன். "பாத்தியா, மேடு மேடா இருக்கு. ஆயிரக்கணக்கான வருஷம் இருக்கும்."

இதில் நான் செய்த தவறை மறைக்காமல் எழுத வேண்டும். பன்றியின் கடைவாய்ப் பல் மனிதப் பல்லைப் போலவே இருக்கும். இது எனக்கு நன்றாகத் தெரியும். வகுப்பில் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். ஆனால் மனிதப் பல்லும் பன்றிப் பல்லைப் போல இருக்கும் என்று அன்று நான் நினைக்கவில்லை.

இன்னொன்று. நம் பக்கத்துத் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம். கேத்தலின் அடியில் ஒரு வருடத்தில் எவ்வளவு வெள்ளை படிகிறது என்று எல்லா வீட்டுக்காரருக்கும் தெரியும். மண்ணுக்குள் கிடக்கும் ஒரு பொருள்மேல் இப்படி ஓடு கட்ட ஆயிரம் வருடம் தேவையில்லை. முப்பது நாற்பது வருடம் போதும். அதுவும் எனக்குத் தெரியும்.

பெட்டியில் பஞ்சு வைத்தேன். அட்டையில் வழக்கம்போல எழுதினேன், இந்த முறை பல்லாயிரம் வயது என்று.

ஒன்பது நாள்

அந்த ஒன்பது நாளும் வஹகோட்டையில் நடந்ததை நிலந்திதான் பிறகு எனக்குச் சொன்னாள். அவள் அந்த ஊர்க்காரி, சிங்களக் கத்தோலிக்கக் குடும்பம். அன்ரனைக் கட்டிய பிறகு தமிழ் பழகியவள். எளிதில் பயப்படும் ஆள் இல்லை. வீட்டுக்குள் பாம்பு வந்தால் அன்ரன்தான் கட்டிலில் ஏறுவான், அவள்தான் தடி எடுப்பாள்.

முதல் நாள் ஷெரின் கல்லைத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துத் தூங்கியிருக்கிறாள். காலையில், "மம்மி, இதுக்கு வாய மூட முடியல" என்றாளாம்.

"எதுக்கு?"

"இதுக்கு. மேல் பல்லு இல்லல்ல. அதத் தேடுது."

நான் ஷெரினிடம் அது மேல் பல்லா கீழ்ப் பல்லா என்று எதுவுமே சொல்லவில்லை. எனக்கே தெரியாது. பின்னால் பல் வைத்தியர்தான் அது கீழ்த்தாடையின் துண்டு என்று சொன்னார்.

மூன்றாம் நாள் காலையில் கல் ஈரமாக இருந்திருக்கிறது. பஞ்சும் நனைந்திருந்தது. அன்ரன் எனக்குப் போன் செய்து கேட்டான். "மண்ணில் இருந்த உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும், பயப்பட ஒன்றுமில்லை" என்று விளக்கினேன். அந்த விளக்கம் சரிதான், இப்போதும் அதையே சொல்வேன். ஷெரினிடம் கேட்டதற்கு அவள் சொன்ன பதில் வேறு.

"பயந்தா வேர்க்கும்தானே டடி."

ஐந்தாம் நாளிலிருந்து அவள் அதோடு பேச ஆரம்பித்தாள். பிள்ளைகள் பொம்மையோடு பேசுவதைப் போல இல்லை என்றாள் நிலந்தி. பொம்மையோடு பேசும்போது பிள்ளை இரண்டு பக்கத்துக்கும் பேசும். இவள் ஒன்று சொல்லிவிட்டு நிறுத்துவாளாம். கேட்டுக்கொண்டிருப்பாளாம். பிறகு, "சரி, நாளைக்கு" என்பாளாம். என்ன நாளைக்கு என்று கேட்டால், "முகத்தக் கழுவி விடச் சொல்லுது" என்றாள்.

சுண்ணாம்பில் வினாகிரி ஊற்றினால் நுரைத்துக் கரையும் என்று அவளுக்குக் காட்டிக் கொடுத்தவள் நான்தான். ஒன்பதாம் நாள் ஒரு ஜாம் போத்தலில் வினாகிரியை ஊற்றிக் கல்லை அதில் போட்டிருக்கிறாள். விடிகாலையில் போட்டு, காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு எடுத்துப் பழைய பல் தூரிகையால் தேய்த்திருக்கிறாள். ஓடு பெயர்ந்து வந்தது. ஒரு பல்லாகத் தெரிந்தது மூன்று பல்லாயிற்று. நடுப்பல்லில் அந்த ஈயநிறம்.

"ஆத்துல போட்டுட்டுப் போங்க"

அன்று மத்தியானமே பஸ் பிடித்துப் போனேன். நிலந்தி இன்னும் முற்றத்தில்தான் நின்றாள். ஷெரின் மேசையில் ஒரு வெள்ளைக் கைக்குட்டையை விரித்து அதன்மேல் அதை வைத்திருந்தாள். சுத்தமாக இருந்தது. நான் குனிந்து பார்த்தேன். பிறகு கதிரையில் உட்கார்ந்துகொண்டேன்.

"பன்னிதானே அத்தை?"

"இல்ல."

"நான் நெனச்சேன்" என்றாள். அவள் முகத்தில் பயம் இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

அன்ரன் என்னை வெளியே கூப்பிட்டான். "அக்கா, இத எடுத்துட்டுப் போங்க. வழியில ஆத்துல போட்டுட்டுப் போங்க. பொலிசு கிலிசுன்னு போனா பிள்ளை பேரு எழுதுவாங்க. எட்டு வயசுப் பிள்ளை பேரு. அப்புறம் யார் யாரோ வந்து கேப்பாங்க."

"யாரோட பல்லோ தெரியாது அன்ரன்."

"தெரியாதுதானே. தெரியாமலே இருக்கட்டும்."

நிலந்தி எங்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டாள். எண்பதுகளின் கடைசியில், கிளர்ச்சியை அடக்கிய அந்தக் கெட்ட காலத்தில், அவள் கைக்குழந்தையாக இருந்தபோது, அவளுடைய அம்மாவின் ஊரிலிருந்து வாலிபர்கள் காணாமல் போயிருக்கிறார்கள். வீட்டில் அதைப் பற்றி யாரும் சத்தமாகப் பேசியதில்லை என்று ஒருமுறை சொல்லியிருக்கிறாள்.

கைக்குட்டையோடு அதை என் கைப்பைக்குள் வைத்தேன். ஷெரின் வாசல்வரை வந்தாள். "பைய ஆட்டாமக் கொண்டு போங்க" என்றாள்.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து பையை மடியில் வைத்திருந்தேன். கொண்டக்டர் வந்து, "எத்தனை பேர்?" என்றான். "ரெண்டு" என்றேன். அவன் இரண்டு டிக்கட் தந்துவிட்டுப் போனான். மாத்தளையில் இறங்கிக் கையைத் திறந்து பார்க்கும்வரை நான் என்ன சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை.

சுது கங்கைப் பாலத்தில் நின்றேன். நின்றேன் என்றால், தம்பி சொன்னதைச் செய்யத்தான் நின்றேன். தண்ணீர் கலங்கலாக, வேகமாகப் போய்க்கொண்டிருந்தது. பையின் ஸிப்பைத் திறந்துவிட்டேன். கைக்குட்டையின் ஓரத்தில் ஷெரினின் பெயரின் முதல் எழுத்து ஊதா நூலில் தைத்திருந்தது. நிலந்தி தைத்தது. அதைப் பார்த்துக்கொண்டே எவ்வளவு நேரம் நின்றேனோ, பின்னால் ஒரு முச்சக்கர வண்டி ஹோர்ன் அடித்தது. ஸிப்பை மூடிக்கொண்டு நடந்தேன்.

பல் வைத்தியரின் அறை

எனக்குப் பழக்கமான பல் வைத்தியர் ஒருவர் நகரத்தில் இருந்தார், முஸ்லிம் பெண்மணி. சாயங்காலம் ஆட்கள் குறைந்த பிறகு அவர் முன்னால் கைக்குட்டையை விரித்தேன்.

அவர் விளக்கை இழுத்துத் திருப்பினார். சிறு கண்ணாடியால் மூன்று பக்கமும் பார்த்தார். பிறகு மெதுவாக, "இன்னா லில்லாஹி" என்று தொடங்கும் வாசகத்தை முணுமுணுத்தார். மரணச் செய்தி கேட்டால் அவர்கள் சொல்வது. அதுவரைக்கும் என் பைக்குள் இருந்தது ஒரு பொருள். அந்த நிமிடத்தில் அது ஒரு ஆளாயிற்று.

"எங்க கிடைச்சிச்சு டீச்சர்?"

சொன்னேன்.

"வாலிப வயசு. கடைசிப் பல்லு இன்னும் வெளிய வரல்ல, எலும்புக்குள்ளயே இருக்கு பாருங்க. இந்த அடைப்பு நல்லாச் செஞ்சிருக்கு. பள்ளிக்கூடப் பல் கிளினிக்ல அந்தக் காலத்துல இப்படித்தான் அடைப்பாங்க."

"அப்படின்னா..."

"இங்க பள்ளிக்கூடம் போன பிள்ளை."

அவர் கைக்குட்டையின் நான்கு முனைகளையும் மடித்தார். பிறகு என்ன நினைத்தாரோ, முகத்தை மூடிவிட்டது போல இருக்கிறது என்று சொல்லி ஒரு முனையைத் திறந்து வைத்தார்.

"நான் பார்த்துட்டேன். இனி நான் சொல்லாம இருக்க ஏலாது. ஆனா நீங்களே போய்ச் சொல்றது நல்லம்" என்றார்.

படி இறங்கும்போது, அந்தக் கெட்ட காலத்தில் இருபது வயது என்று வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்தப் பல்லுக்கு உரியவர் இன்று இருந்தால் என்னைவிட நாலைந்து வயது இளையவராக இருப்பார். நான் அட்டையில், பல்லாயிரம் வயது மூத்தது என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

வாளி நின்ற இடம்

அடுத்த நாள் வடிவேலைக் கூப்பிட்டுச் சொன்னேன். அவன் நிலத்தில் குந்திவிட்டான்.

"டீச்சர், கோவிக்காதீங்க. அந்த எடத்துல வாளி ஒரு தடவை நின்னுச்சு. வேர்ல மாட்டினா ஒரு மாதிரி நிக்கும், கல்லுல மாட்டினா ஒரு மாதிரி நிக்கும். இது ரெண்டுமாதிரியும் இல்ல. யாரோ பிடிச்சிக்கிட்ட மாதிரி நின்னுச்சு. நான் எறங்கிப் பாத்தேன். இந்தக் கட்டிதான் இருந்திச்சி. எடுத்து வச்சிட்டு அந்தப் பக்கம் வெட்டாம வந்துட்டேன்."

"இடத்தக் காட்டுவியா?"

"காட்டினா வேலை நிக்கும். என் வேலையும் போகும்." எழுந்து கையைத் தட்டிக்கொண்டான். "காட்டுறேன்" என்றான்.

இருவரும் பொலிசுக்குப் போனோம். வாக்குமூலம் எழுதினார்கள். "பிள்ளைக்குப் பிறந்தநாள் பரிசாகவா கொடுத்தீர்கள்?" என்று அந்த அதிகாரி மூன்று தடவை கேட்டார். நான் மூன்று தடவையும் ஆம் என்றேன். பிள்ளையின் பெயரை எழுதத்தான் செய்தார்கள். அன்ரன் இரண்டு மாதம் என்னோடு பேசவில்லை.

நீதவான் வந்து பார்த்த அன்று நானும் போயிருந்தேன். வில்கமுவ தாண்டி ஒரு வாய்க்கால் கரை. இரு பக்கமும் வயல், நாற்று பச்சையாக நின்றது. கயிறு கட்டியிருந்தார்கள். வெள்ளை உடுப்புப் போட்டவர்கள் சிறு தூரிகையும் கரண்டியும் வைத்து மண்ணைக் கிளறினார்கள். எனக்கு எதுவும் தெரியவில்லை. கயிற்றுக்கு அந்தப் பக்கம் ஆட்கள் நின்றதுதான் தெரிந்தது. யாரும் அவர்களைக் கூப்பிடவில்லை. செய்தி எப்படியோ போயிருந்தது. பெரும்பாலும் வயதான பெண்கள். குடை பிடித்துக்கொண்டு, ஒருவரோடு ஒருவர் பேசாமல், சாயங்காலம்வரை நின்றார்கள். யாரும் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

இன்னும் சில எலும்புகள் கிடைத்தன. எல்லாம் ஒருவருடையவை என்றார்கள். கொழும்புக்கு அனுப்பினார்கள். வடிவேலின் வேலை, அவன் சொன்னபடியே, போயிற்று. நாவுல என்ற ஊர்ப் பக்கம் வேறு ஒரு முதலாளியிடம் பிறகு சேர்ந்தான். இப்போதும் வருவான், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு. கற்கள் கொண்டுவருவதில்லை.

மதில்மேல்

பிறகு நடந்ததை நான் எதிர்பார்க்கவில்லை.

ஒரு நாள் காலையில் கேற்றைத் திறக்கப் போனபோது என் மதில்மேல் ஒரு கல் இருந்தது. இலை பதிந்த கல். நான் நான்கு வருடத்துக்கு முன்பு ஒரு பிள்ளைக்குக் கொடுத்தது. பக்கத்தில் யாரும் இல்லை. கடிதம் இல்லை.

இரண்டு நாள் கழித்து நத்தை. அடுத்த வாரம் இரண்டு கற்கள் ஒன்றாக, பஞ்சோடு, நான் கொடுத்த அதே பெட்டிகளில். எந்த வீட்டுக்காரரும் மணி அடிக்கவில்லை. தேவாலயத்திலும் சந்தையிலும் என்னைக் கண்டால் வழக்கம்போல, "டீச்சர் சுகமா?" என்றார்கள். கல்லைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. காலையில் மதிலைப் பார்ப்பதற்கு எனக்குப் பயம் வந்துவிட்டது.

வந்த ஒவ்வொன்றையும் எடுத்துவந்து பூதக்கண்ணாடியால் பார்த்தேன். உண்மையாகவே அவை நத்தையும் இலையும்தான். ஆனால் ஒவ்வொரு தடவையும் முதலில் பல் தெரிகிறதா என்றுதான் தேடினேன். வடிவேல் தந்தவற்றில் சுண்ணாம்பு ஓடு கட்டிய ஒன்றை உடைத்தே பார்த்தேன். உள்ளே ஒன்றுமில்லை.

பல்லேகமப் பிள்ளையின் சிப்பி மட்டும் திரும்பி வரவில்லை. அவள் இப்போது பேராதனைப் பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். போன் செய்து, "அது என்கிட்டதான் இருக்கு டீச்சர். தரமாட்டேன்" என்றாள். அன்று நான் கொஞ்ச நேரம் அழுதேன்.

சோமலதா

மழைக்காலம் முடிந்த பிறகு ஒரு பெண் என்னைத் தேடி வந்தார். சோமலதா என்று பெயர் சொன்னார். அறுபது வயது இருக்கும். வாய்க்கால் கரையில் குடை பிடித்து நின்றவர்களில் ஒருவர். இரண்டு பஸ் மாறி வந்திருந்தார். நாங்கள் சிங்களத்தில் பேசினோம்.

கைப்பையிலிருந்து ஒரு புகைப்படம் எடுத்தார். தம்பியாம். இருபத்தொரு வயது. சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான்.

"சிரிக்கிற படம் ஒன்றுகூட இல்லை டீச்சர்" என்றார். "பல் தெரிகிற மாதிரி ஒன்று வேண்டும் என்று கேட்டார்கள். எங்கே போவது?"

தேநீர் கொடுத்தேன். எலும்போடு ஒத்துப் பார்க்க எல்லாரிடமும் இரத்தம் எடுத்திருக்கிறார்களாம். முடிவு வரவில்லை.

"எல்லாரிடமும் என்றால்?"

"ஏழு வீடு. ஒருவருடைய எலும்புக்கு நாங்கள் ஏழு வீட்டுக்காரர். முதலில் ஒருவரை ஒருவர் பார்க்கவே பிடிக்கவில்லை. அவளுடையவனாக இருந்தால் என்னுடையவன் இல்லையே. பிறகு ஒரே பஸ்ஸில் போய் ஒரே பஸ்ஸில் வந்து பழகிவிட்டோம். யாருடைய பெயர் வந்தாலும் ஏழு பேரும் சேர்ந்து அவன் பேரில் பிக்குமாருக்குச் சாப்பாட்டுத் தானம் கொடுப்பது என்று பேசிக்கொண்டோம். ஏழில் ஒன்று தமிழ் வீடு. தோட்டத் தொழிலாளர் குடும்பம். அவர்களும் சரி என்றார்கள்."

"நல்லது" என்றேன்.

"அதற்கு ஒரு நாள் வேண்டும் டீச்சர். அதுதான் வந்தேன். எங்களுக்கு நாள் இல்லை. வீட்டைவிட்டுப் போன நாள் தெரியும். அது செத்த நாள் இல்லை. இவ்வளவு வருடமும் எந்த நாளில் விளக்கு வைப்பது என்று தெரியாமல் இருந்தோம். மண்ணிலிருந்து வெளியே வந்து ஒரு மனுஷப் பிள்ளையின் கைக்குப் போன நாள் எது என்று சொல்லுங்கள். அதை வைத்துக்கொள்கிறோம்."

அந்த நாள் ஷெரினின் பிறந்தநாள்.

நானாகச் சொல்ல முடியாது, பிள்ளையின் தாயிடம் கேட்க வேண்டும் என்றேன். அவர் தலையாட்டினார். புகைப்படத்தைப் பையில் வைத்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் பஸ்ஸுக்குப் போனார்.

நிலந்தியின் பதில்

நிலந்தி முதலில் முடியாது என்றாள். "என் பிள்ளை பிறந்த நாளக்கி ஏழு வீட்டுல சாவு விளக்கா அக்கா? ஒவ்வொரு வருசமுமா?" என்றாள். அவள் கேட்டது நியாயம். நான் வற்புறுத்தவில்லை.

இரண்டு வாரம் கழித்து அவளே அழைத்தாள். குரல் தணிந்திருந்தது.

"எங்க அம்மா வீட்டுலயும் ஒருத்தர் இருந்தாரு அக்கா. அம்மாட தம்பி. அம்மா சாகுற வரைக்கும் அவருக்கு நாள் இல்ல. அவங்கள வச்சிக்கச் சொல்லுங்க."

"ஷெரின்கிட்ட கேட்டியா?"

"கேட்டேன். பரவால்ல, அதுக்கும் ஒரு பர்த்டே வேணும்தானேன்னு சொல்றா."

இந்த வருடம் ஷெரினுக்கு ஒன்பது வயது ஆனது. கொழும்பிலிருந்து முடிவு அன்றுவரை வரவில்லை. இதை எழுதும்போதும் வரவில்லை. நான் பரிசாக ஒரு கலர் பென்சில் பெட்டி கொண்டுபோனேன். அன்ரன் என் கையிலிருந்து பையை வாங்கி, "வாங்க அக்கா" என்றான். இரண்டே வார்த்தை. எனக்கு அது போதும்.

பத்து மணிபோல ஒரு மோட்டார் சைக்கிளில் வந்த ஆள் வாழையிலையில் கட்டிய பொதி ஒன்றைத் தந்துவிட்டுப் போனார். தானத்துக்குச் சமைத்த பாற்சோறு. நிலந்தி அதைப் பிரிக்காமல் மேசையில் வைத்துச் சுற்றிச் சுற்றி வந்தாள். கடைசியில் பிரித்து ஒரு துண்டை முதலில் தன் வாயில் போட்டாள். மென்றாள். பிறகுதான் எங்களுக்குத் தந்தாள்.

மத்தியானம் கேக் வெட்டப் போகும் நேரத்தில் போன் வந்தது. சோமலதா. பிள்ளையோடு பேச வேண்டும் என்றார். நிலந்தி என்னைப் பார்த்தாள், பிறகு போனை ஷெரினின் காதில் வைத்தாள்.

ஷெரின் போனை இரு கையாலும் பிடித்தாள். கேட்டுக்கொண்டே நின்றாள். இடையிடையே நிறுத்தி நிறுத்தி, "ஹா, நெந்தே" என்றாள். ஆமாம் மாமி என்று அர்த்தம். ஒரு நிமிடத்துக்கு மேல் இருக்கும். போனைத் தாயிடம் கொடுத்துவிட்டுப் புதுப் பென்சில் பெட்டியைத் திறந்தாள்.

"என்ன சொன்னாங்க?" என்று அன்ரன் கேட்டான்.

"ஏழு பேரோட பேரையும் சொன்னாங்க. மறக்காம வச்சிக்கச் சொன்னாங்க. எழுதணும், இல்லாட்டி மறந்துரும்."

கைக்கு எட்டிய தூரத்தில் இருந்த ஒரு பிறந்தநாள் அட்டையைத் திருப்பினாள். பின்பக்கத்தில் ஒவ்வொன்றாக எழுதினாள். சுனில். ஜயந்த. ராஜேந்திரன். ஒரு பெயரில் எழுத்துச் சந்தேகம் வந்து தாயைக் கேட்டாள். நிலந்தி தோளுக்கு மேலாகக் குனிந்து சொல்லிக் கொடுத்தாள். ஏழும் எழுதி முடிந்தது. கேக் வெட்டும் கத்தி அன்ரனின் கையிலேயே இருந்தது.

ஷெரின் கீழே மிச்சம் இருந்த இடத்தைப் பார்த்தாள். "இதுல எங்க எல்லாருக்கும் ஒரே நாள்தானே" என்றாள். "எட்டாவதா என் பேர எழுதவா மம்மி?"

நிலந்தி அவள் கையிலிருந்து பென்சிலை எடுத்துத் தன் கைக்குள் வைத்து இறுக மூடிக்கொண்டாள்.